லிங்காவின் நிரை

என் தம்பி லிங்கேஸ்வரன் மாரடைப்பில் சாகவில்லை. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தாய்மாமா சிவசாமியிலிருந்து கோலாலம்பூர் கணினிக்காரர்கள் வரை எல்லாரும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு "திடீர்னு போயிட்டாரு" என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிகிறது.

அவனை இப்போது முன்னோடி என்கிறார்கள். கணித்தமிழ்ச் சுடர் என்கிறார்கள். இரண்டும் செத்த பிறகு கிடைத்த பட்டங்கள். உயிரோடு இருந்தபோது எங்கள் மலையூர் தானா ராத்தாவில், பஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்த்தான். கல்யாணம் வேண்டாம் என்று எஸ்டேட் லயத்து வீட்டில் அம்மாவோடு இருந்துவிட்டான். தேத்தண்ணியில் கண்ணை மூடிக்கொண்டு சீனி கொட்டுவான். எனக்குப் பக்கத்து ஊர் கியா பார்மில் ஸ்ட்ராபெரிக் கடை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குத் துணைக்கு வாடா என்று கூப்பிட்டால் வருவான். வந்து, பழம் வாங்க நிற்பவர்களிடம், "இது புளிக்கும்ங்க, சீனி தொட்டுத்தான் சாப்டணும்" என்று சொல்லி அனுப்பிவைப்பான். "நீ யாவாரம் பண்ண வந்தியா, கடைய மூட வந்தியா?" என்று திட்டுவேன். சிரித்துக்கொண்டே இன்னொரு பழத்தை எடுத்து வாயில் போடுவான். இவ்வளவுதான் என் தம்பி. சாதாரண ஆள்.

அவன் அந்த மென்பொருளைச் செய்யத் தொடங்கியதும் ஒரு கோபத்தில்தான். பள்ளிப் படிப்பு முடிந்த வருஷம் எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தோம். டைப் செய்த கம்ப்யூட்டர் ஒன்று, அச்சடித்த கம்ப்யூட்டர் வேறு. நோட்டீஸ் வந்தபோது அம்மன் பெயர் முதல் அன்னதானம் வரை எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. ஓர் எழுத்துக்கூட தமிழ் இல்லை. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. லிங்கா மட்டும் சிரிக்கவில்லை. "நம்ம எழுத்து ஏன் க்கா ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொண்ணுக்குப் போறதுக்குள்ள செத்துப்போவுது?" என்று கேட்டான். எனக்கென்ன தெரியும்? அவனே உட்கார்ந்து படித்து, தட்டித் தட்டி, சில வருஷத்தில் ஒரு தமிழ் விசைப்பலகையைச் செய்துவிட்டான். பழைய எழுத்துருவில் இருப்பதைப் புதியதற்கு மாற்றும், பிழையும் திருத்தும். அதற்குக் கொழுந்து என்று பெயர் வைத்தான். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தேயிலைச் செடியில் கிள்ளியது அதைத்தானே.

கொழுந்தை யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம். அது எப்படி வேலை செய்கிறது என்று உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். திறமூலம் என்பார்கள். எடுத்துக்கொள்ள வந்தவர்களுக்குக் குறைச்சலே இல்லை. சென்னைக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர், சிங்கப்பூர், கனடா, பத்திரிகை, பள்ளிக்கூடம் என்று உலகமே அதில்தான் தட்டியது. திருத்த வந்தவர்கள்தான் இல்லை. வந்த ஓரிருவரும் கொஞ்ச நாளில் கழன்றுகொண்டார்கள். போனும் கம்ப்யூட்டரும் புதிது புதிதாக மாறும்போதெல்லாம் கொழுந்தையும் மாற்ற வேண்டும். அத்தனையையும் லிங்கா ஒருத்தனே செய்தான், கடை வேலை முடித்து வந்து.

இந்த இடத்தில் எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா அம்சவல்லி, உடம்பு விடுகிறவரை மலையில் கொழுந்து எடுத்தவள். மலையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை உண்டு. நிரை என்றால் தேயிலைச் செடி வரிசை. நடு நிரையில் ஒருத்திக்கு முடியாமல் போய்விட்டால், அவளைப் பாதையோரம் உட்காரவைத்துவிட்டு இந்தப் பக்கத்துக்காரி பாதி, அந்தப் பக்கத்துக்காரி பாதி என்று அவளுடைய நிரையை எடுத்து, கொழுந்தை அவள் கூடையிலேயே போட்டுவிடுவார்கள். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கங்காணியும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். லிங்கா வயிற்றில் இருந்தபோது பாதி நாள் அம்மாவின் நிரையை முடித்துக் கொடுத்தது வேலாயி அக்காதானாம். எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எது என்றாலும் முதல் சோறு வேலாயி அக்காவுக்குத்தான்.

அந்த அம்மா ஒருநாள் லிங்காவிடம், "ஒங்கூட இந்த வேலைல எத்தன பேருடா இருக்காங்க?" என்று கேட்டாள்.

"ஒலகம் பூரா இருக்காங்கம்மா. ஆயிரக்கணக்குல."

கொழுந்தைப் பயன்படுத்துகிறவர்களின் இணையக் குழுவில் இருந்தவர்களைத்தான் அவன் சொன்னான். அம்மா பக்கத்து நிரை ஆட்கள் என்று எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்கு மகனைப் பற்றிக் கவலை விட்டது. அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், "முடியலன்னா படுடா. அவ்ளோ பேரு இருக்காங்க, ஒன்னோடத எடுத்துக்க மாட்டாங்களா?" என்பாள். அவன் என்னைப் பார்ப்பான். அம்மாவுக்கு விளக்க வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டுவான்.

எடுத்துக்கொள்கிற ஆட்களின் இலட்சணம் எனக்குத் தெரியும். நான் வீட்டுக்குப் போகும் நாட்களில், சாப்பிடும்போது குழுவில் வந்ததை வாசித்துக் காட்டுவான். "புது போனில் வேலை செய்யவில்லை, தூங்குகிறீர்களா?" "பொறுப்பு இல்லாதவர்கள் இதையெல்லாம் தொடங்கவே கூடாது." "என் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும், நாளைக்குள் சரிசெய்யவும்." செய்யவும்! இவர்கள் வீட்டு வேலைக்காரன் பாருங்கள். முதலில் எல்லாம் குரலை மாற்றி மாற்றி வாசித்துச் சிரிக்கவைப்பான். பிறகு குரல் மாற்றாமல் வாசித்தான். கடைசியில் வாசிப்பதையே விட்டுவிட்டான். சோறும் பாதியில் நின்றது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். மனச்சோர்வு, இது ஒரு நோய், மருந்து உண்டு, ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர். மருந்து சாப்பிட்டான். ஓய்வுக்காக ஒரு காரியமும் செய்தான். குழுவில் மறைக்காமல் எழுதினான்: "எனக்கு உடல்நிலையும் மனநிலையும் சரியில்லை. இனி என்னால் தனியாக முடியாது. யாராவது பொறுப்பில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். கற்றுத் தருகிறேன்." என்னிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்பினான். "யாராச்சும் வருவாங்க க்கா" என்றான்.

வந்ததெல்லாம் கும்பிட்ட கை படம். சிவப்பு இதயம். "விரைவில் மீண்டு வருக ஐயா." இவற்றுக்கு நடுவில் ஒரு மகான் கேட்டிருந்தார், "அடுத்த பதிப்பு எப்போது?" ஒருத்தர்கூட நான் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதவில்லை. லிங்கா மறுபடியும் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

இதனால்தான் செத்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மனிதன் அப்படிப் போவதற்கு ஒரே காரணம் இருக்காது என்று டாக்டர் சொன்னார். நம்புகிறேன். ஆனால் நோயில் கிடந்தவன் வாய்விட்டு உதவி கேட்டான். இத்தனை பேர் படித்தார்கள். அதை எப்படி மறப்பது?

அவன் போன அன்றே ஆரம்பித்துவிட்டது. ஈடு செய்ய முடியாத இழப்பு, தமிழன்னை கண்ணீர் வடிக்கிறாள் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அவ்வளவையும் கொழுந்தில்தான் தட்டினார்கள். பொறுப்பில்லாதவன் என்று எழுதிய அதே பெயர், "என் நெருங்கிய நண்பர்" என்று எழுதியது. நெருங்கிய நண்பர் எங்கள் வீட்டு வாசலைக் கண்டதில்லை.

குழுவின் பொறுப்பாளர் ஹரிதாஸ் கோலாலம்பூரிலிருந்து போன் செய்தார். சாம்பலைக் கரைத்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் வந்திருந்தோம்.

"சிஸ்டர், ரொம்ப வருத்தமா இருக்கு. ஒரு சின்ன விஷயம். அவரு அக்கவுண்ட் பாஸ்வேர்ட் தெரியுமா? அப்டேட் ஒண்ணு பாதியில நிக்குது."

"அவன் ஆள் வேணும்னு கேட்டப்ப எங்க சார் இருந்தீங்க?" என்றேன். லைன் சரியில்லை, கேட்கவில்லை என்று வைத்துவிட்டார்.

கருமாதி அன்று எஸ்டேட் கோயில் மண்டபத்தில் குழுவும் இரங்கல் கூட்டம் நடத்த விரும்புகிறது, பெரிய திரை வைத்து உலகம் பூராவும் பார்க்கலாம் என்று சேதி வந்தது. மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் கோயில் கமிட்டி ஆள். கூட்டத்துக்கு முன்னால் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"விக்னேஸ்வரி, நீ பேசுறப்ப ஹார்ட் அட்டாக்குன்னே சொல்லு லா. வேற எதுவும் வாய தொறந்துறாத. ஒம்மவ யுவனேஸ்வரிக்கு நாளைக்குச் சம்பந்தம் வர வேணாமா? சனங்க என்னா பேசும்?"

"சனம் பேசட்டும் மாமா. அவன் பொய் பேசாதவன். அவன் சாவப் பத்தி நாம பொய் பேசணுமா?"

"அம்மாவ நெனச்சுப் பாரு" என்றார்.

அம்மாவுக்கு அவன் எப்படிப் போனான் என்று தெரியும். அவளுக்குத் தெரியாதது வேறு. அந்த நாட்களில் துக்கம் கேட்க வந்த ஒவ்வொருத்தரிடமும் அவள் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: "என்னா செய்ய, அந்த நோவு கொண்டு போயிருச்சு. ஆனா அவன் ஆளுங்க அவனக் கைவிடல. முடியாதப்பல்லாம் அவன் நிரைய அவங்கதான் எடுத்தாங்க." அவளுக்கு மிஞ்சியிருந்த ஆறுதல் அது ஒன்றுதான். அதில் கைவைக்க எனக்கு மனசு வரவில்லை. சாவைப் பற்றிய உண்மையை மட்டும் சொல்வது, குழுவைப் பற்றிப் பேசாமல் இருப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

மண்டபத்தில் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக முகங்கள். ஆளுயரப் பதாகையில் லிங்கா படம். அவன் போட்டுப் பழகாத கோட்டை யாரோ கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டிருந்தார்கள். ஒருவர் கவிதை வாசித்தார். ஒருவர் விருது அறிவித்தார். பேச்சுக்கு நடுவே திரையின் ஓரத்தில் ஒரு செய்தி ஓடியது: "கொழுந்து என் போனில் வரவில்லை, இனி யாரிடம் கேட்பது?" பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என்னைக் கூப்பிடும் முன் அம்மா எழுந்துவிட்டாள். யாரும் எதிர்பார்க்கவில்லை. கூட்டத்துக்கு நேரில் வந்திருந்த ஹரிதாஸ் மைக்கை அவள் வாயருகே பிடித்தார். அவள் திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எனக்குப் பேசத் தெரியாது சாமி. எம்புள்ள முடியாமக் கெடந்தப்ப அவன் நிரைய நீங்கள்லாம் எடுத்துக் குடுத்தீங்க. அவன் கூடைய நெறச்சீங்க. அந்த நன்றிய நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஒங்க புள்ளைங்க நல்லா இருக்கணும்."

திரையில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நிரை என்றால் என்னவென்று ஹரிதாஸுக்குத் தெரிந்திருக்காது. நன்றி என்பது மட்டும் புரிந்தது. மார்பில் கைவைத்துக் குனிந்து, "அது எங்க கடமைம்மா" என்றார்.

கடமை! எழுந்து போய் மைக்கைப் பிடுங்கினேன். மாமா "ஏய், ஏய்" என்று கத்தியது காதில் விழுந்தது.

"என்னா கடமைய செஞ்சீங்க? எந்தம்பி தற்கொல பண்ணிக்கிட்டான். ஹார்ட் அட்டாக் இல்ல. நோவுல கெடந்தான். தனியா முடியல, பாதிய எடுத்துக்குங்கன்னு ஒங்க எல்லார்ட்டயும் கேட்டான். கை படம் போட்டீங்க. அடுத்தது எப்பன்னு கேட்டீங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர் எடுத்தீங்களா? எங்கம்மா கும்பிடுறத வாங்கிக்கிறீங்களே, கூசல?"

ஹரிதாஸ் தரையைப் பார்த்தார். திரையில் இரண்டு மூன்று கட்டங்கள் இருட்டாகின. நினைத்ததையெல்லாம் கொட்டிவிட்ட வேகத்தில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அம்மா பக்கத்தில்தான் நிற்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

கும்பிட்ட கையை அவள் இன்னும் இறக்கவில்லை. என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே கேட்டாள்.

"அப்ப எம்புள்ள தனியாவா நின்னான்?"

அத்தனை முகங்கள் இருந்தன. அம்மா பதிலுக்காகக் காத்துக்கொண்டே நின்றாள்.

"ஆமாம்மா" என்று நான்தான் சொன்னேன்.