தீயணைப்புப் படை பேரில் வாங்கிய அரை டாலர்கள்

மெக்கானிக் ரோலண்ட் கொவால்சிக் கையெழுத்துப் போட்டால்தான் கார்வர் ரன் ஊர்ப் பள்ளிக்கூடப் பேருந்துகள் கொட்டகையை விட்டு நகரும். பிரேக்கில் இம்மி சந்தேகம் இருந்தாலும் போட மாட்டார். ஒருமுறை பள்ளி நிர்வாகத்து ஆள் ஒருவர் வந்து, வெளியூரில் ஃபுட்பால் மேட்ச் இருக்கிறது, இன்று ஒரு நாளைக்கு விடுங்கள் என்று கெஞ்சியும் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார். ரோலண்ட் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிட்டார். பொய் பேசத் தெரியாத மனிதர் என்று ஊரில் அவருக்குப் பெயர்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு பைத்தியம். வங்கியில் காகிதத்தில் சுருட்டிய அரை டாலர் காசு ரோல்களை வாங்கி வந்து, வீட்டு நிலவறையில் உட்கார்ந்து பிரித்து, வெள்ளிக் காசு தேடுவார். அறுபத்து நாலாம் வருடம் வரை அடித்த அரை டாலரில் பெரும்பங்கு வெள்ளி. அடுத்த ஆறு வருடத்தில் அடித்தவற்றில் பாதிக்கும் குறைவு. அதற்கப்புறம் புழக்கத்துக்கு வந்தவற்றில் பொட்டு வெள்ளி கிடையாது. ரோலைப் பிரித்துப் பக்கவாட்டில் பார்த்தால் காசுகளின் விளிம்பில் செம்புக்கோடு வரிசையாக ஓடும். நடுவில் ஒன்று கோடில்லாமல் வெளுத்துத் தெரிந்தால் அவருக்கு நெஞ்சு ஒருமுறை துள்ளி அடங்கும். ஆயிரம் காசுக்கு ஒன்றோ இரண்டோ தேறும். பல வாரம் அதுவும் இல்லை.

"அம்பத்தெட்டு வயசுல கோழி மாதிரி கிளறிக்கிட்டிருக்க. முட்டையாவது போடுவியா?" என்பாள் மனைவி ஜெனீன், நிலவறைப் படியில் நின்று.

கவுன்டரில் கிடைக்கிற ரோல்கள் சீக்கிரமே தீர்ந்துபோயின. இனி வேண்டுமென்றால் பெட்டியாகத்தான் வரவழைக்க வேண்டும். ஒரு பெட்டியில் ஐந்நூறு டாலர், ஆயிரம் காசு. ஒரு செப்டம்பர் மாத வியாழக்கிழமை ரோலண்ட் அதைக் கேட்டபோது, வங்கிக் கவுன்டரில் இருந்த டோரின் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"பெட்டியாவா? கடை வச்சிருக்கவங்களுக்குத்தான் அப்படி வரவழைப்போம். எதுக்கு ரோலண்ட்?"

அவருக்குப் பின்னால் வரிசையில் பேருந்து ஓட்டுநர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். வெள்ளி பொறுக்குகிறேன் என்று அவர்கள் காதுபடச் சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் நாளைக் காலை கொட்டகையே சிரிக்கும்.

"தீயணைப்புப் படைக்கு," என்றார். "அடுத்த கோடைத் திருவிழாவுல பிள்ளைங்க தட்டுல காசு எறியற விளையாட்டு ஒண்ணு வைக்கிறோம். ஜெயிச்சா ஒரு அரை டாலர்."

பொய் கையும் காலும் முளைத்தே பிறந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஊர்க்காரர்களே தன்னார்வமாக நடத்தும் அந்தப் படை நிதிக்காக வைக்கும் திருவிழாவில் வருடாவருடம் அவரும் கை கொடுப்பவர்தான், விளையாட்டு மட்டும் அதில் கிடையாது.

டோரினின் முகம் இளகிவிட்டது. "எங்கண்ணன் வீடு எரிஞ்சப்போ அவனைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தது அந்தப் பசங்கதான். இருங்க, மேனேஜர்கிட்ட நான் பேசறேன்." உள்ளே போய்ப் பேசினாள். தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டாள். பெட்டிக்கான கட்டணத்தையும் தள்ளுபடி செய்ய வைத்தாள். "நல்ல காரியம்" என்று வேறு சொன்னாள். ரோலண்ட் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு தடவையோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வாராவாரம் பெட்டி வந்தது. ஒரே ஒரு திருவிழாவுக்கு இத்தனை காசு எதற்கு என்று அவள் கேட்பதற்கு முன்பே, கிறிஸ்துமஸ் தாத்தா கொடுக்கிறார், ஈஸ்டருக்கு ஒளித்து வைக்கும் பிளாஸ்டிக் முட்டைக்குள் வைக்கிறோம் என்று புதுப்புதுக் காரணம் சொன்னார். தேடி முடித்த காசுகளை அவள் கண்ணில் படாமல் இருபது மைல் தள்ளி இன்னொரு ஊர் வங்கியில் போய்க் கொட்டிவிட்டு வந்தார்.

ஏப்ரலில் ஒருநாள் டோரின் ஒரு சிறிய உறையை நீட்டினாள். "யாரோ ஒரு கிழவர் மாத்திட்டுப் போனது. நல்ல பழைய காசு, ஏழு இருக்கு. என் கைக்காசைப் போட்டு எடுத்து வச்சேன். ஜெயிக்கிற பிள்ளைங்களுக்குக் குடுங்க. நிஜ வெள்ளியைக் கையில பிடிச்சுப் பார்க்கட்டும்."

உறைமேல் 'குழந்தைகளுக்கு' என்று எழுதியிருந்தாள். மூன்றரை டாலரை ரோலண்ட் எடுத்து வைத்தபோது வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். காருக்குள் உட்கார்ந்து உறையைப் பிரித்தார். நடந்துவரும் சுதந்திர தேவி அச்சடித்த காசுகள், ஏழும் வெள்ளி. ஏழு மாதமாகத் தேடியும் அப்படி ஒன்றுகூட அவருக்குக் கிடைத்ததில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே வீட்டுக்கு ஓட்டிப்போய், மற்றவற்றோடு சேர்த்து வைத்தார். அந்த வாரம் முழுக்க நிலவறைப் பக்கமே போகவில்லை.

ஜூலையில் திருவிழா வந்தது. முட்டைகோசும் நூடுல்ஸும் வெண்ணெயில் புரட்டும் ஹலுஷ்கி கடையில், வழக்கம்போல ரோலண்டும் ஜெனீனும் கரண்டி பிடித்தார்கள். ஓஹையோவிலிருந்து வந்த பேத்தியைக் கையில் பிடித்தபடி டோரின் கூட்டத்தில் கடை கடையாகப் பார்த்துக்கொண்டு வருவதை ரோலண்ட் தூரத்திலேயே கண்டார். அவள் எதைத் தேடுகிறாள் என்று அவருக்கு உடனே புரிந்தது. எதிர்க் கடையில் தீயணைப்புப் படைத் தலைவர் பட் லெசிக் லாட்டரிச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தார். டோரின் நேராக அவரிடம் போனாள்.

"அரை டாலர் எறியற விளையாட்டு எங்க இருக்கு, பட்?"

"அரை டாலரா? நம்மகிட்ட அப்படி ஒண்ணு எப்பவும் இருந்ததில்லையே. தங்கமீன் விளையாட்டுதான் இருக்கு. அதுலயும் பாதி மீன் செத்துப் போச்சு."

"ஈஸ்டருக்கு, கிறிஸ்துமஸுக்கு எல்லாம்?"

"மிட்டாய் குடுத்தோம். உங்ககிட்ட யாரு இதெல்லாம் சொன்னது?"

டோரின் திரும்பிப் பார்த்தாள். ரோலண்டின் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. யார் பேரையும் சொல்லாமல் அவள் நேராக ரோலண்டின் கடைக்கு வந்து, பேத்திக்கு ஒரு தட்டு வாங்கினாள். பணத்தை எண்ணிக் கொடுத்தாள்.

"நான் கையெழுத்துப் போட்டிருந்தேன், ரோலண்ட்," என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

அவள் போனதும் ஜெனீன், "என்ன கையெழுத்து?" என்றாள். நூடுல்ஸ் அடிப்பிடித்துப் புகைய ஆரம்பித்தது. ரோலண்ட் எல்லாவற்றையும் சொன்னார். ஜெனீன் அடுப்பை அணைத்தாள்.

"திருடியிருந்தாக்கூட ஒரு தைரியசாலின்னு நினைச்சிருப்பேன். ஓட்டுநருங்க சிரிப்பாங்கன்னு பயந்தா இவ்வளவு தூரம் போன?"

திங்கட்கிழமை அவர் வங்கிக்குப் போகவில்லை. போகத் துணியவில்லை என்பதே சரி. அதற்குப் பதில், சேர்த்து வைத்திருந்த வெள்ளியையெல்லாம், டோரின் கொடுத்த ஏழு காசை மட்டும் விட்டுவிட்டு, பழைய காசுக் கடையில் விற்றார். ஆயிரத்துச் சொச்சம் டாலர் வந்தது. காசோலையாக எழுதிப் படையின் கடிதப் பெட்டியில் போட்டார். போட்டதும் பாரம் இறங்கிவிடும் என்று நம்பினார்.

அடுத்த மாதம் படையின் மாதக் கடிதம் ஊரில் எல்லார் வீட்டுக்கும் வந்தது. முதல் பக்கத்தில் பட் எழுதியிருந்தார்: நம் ரோலண்ட் கொவால்சிக், விளம்பரம் தேடாத பெரிய மனசுக்காரர். கொட்டகையில் ஓட்டுநர்கள் கைதட்டினார்கள். ஒருவர் முதுகில் தட்டி, "ஏம்பா, எங்களுக்குத் தெரியாம இவ்வளவு நல்லவனா இருந்திருக்கியே," என்றார். ரோலண்ட் ஒரு பேருந்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அதில் பழுது ஒன்றும் இல்லை.

அன்று மதியமே வங்கிக்குப் போனார். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் உறையைக் கவுன்டரில் வைத்தார்.

"நான் வெள்ளி தேடறவன், டோரின். வேற ஒண்ணுமில்ல. தீயணைப்புப் படை, பிள்ளைங்க எல்லாம் பொய். இது உங்களோடது."

பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

டோரின் உறையைத் தொடவில்லை. "வெள்ளி தேடறேன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே வரவழைச்சிருப்பேன். எங்க மேனேஜரே ஞாயித்துக்கிழமை ஆத்தங்கரையில மெட்டல் டிடெக்டரை வச்சுக்கிட்டு ஆணி பொறுக்கறாரு." அவள் சிரிக்கவில்லை. "திருவிழாவுக்கு அப்புறம் நானே போய் உண்மையைச் சொன்னேன். அவர்கிட்ட எனக்குக் கிடைச்ச திட்டு உங்களுக்குத் தெரியாது. பத்தொம்பது வருஷத்துல முதல் தடவை."

"நான் போய்ச் சொல்றேன்."

"சொல்லுங்க. அந்தக் கதவுதான்."

போய்ச் சொன்னார். மேனேஜர் வயதில் சின்னவர். கேட்டுவிட்டு, இதை எழுதிக் கொடுக்க முடியுமா என்றார். ரோலண்ட் அங்கேயே உட்கார்ந்து எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்தபோது உறை கவுன்டரில் இல்லை. பட்டிடமும் அன்றே உண்மையைச் சொன்னார். பட் தலையைச் சொறிந்துகொண்டு, "அதைக் கடிதத்துல போட முடியாதுப்பா, பணம் குடுக்கறவன் பயந்துருவான்," என்றார். ஆகவே, அன்று வங்கி வரிசையில் நின்ற சிலரைத் தவிர, ஊருக்கு அவர் இன்னும் பெரிய மனசுக்காரர்தான். யாராவது அதைச் சொல்லும்போதெல்லாம் பேச்சை மாற்றுவார். அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

ரோல் வாங்குவதை அவர் விடவில்லை. மாதம் ஒருமுறை, இரண்டே இரண்டு. எதற்கு என்று டோரின் கேட்பதில்லை. இருந்தும் ஒவ்வொரு முறையும், "வெள்ளி தேட," என்று எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொல்லிவிடுவார். டோரின் இரண்டு ரோலையும் தள்ளிவிட்டு, முன்போல ரோலண்ட் என்று பெயர் சொல்லாமல், "வேற ஏதாவது, சார்?" என்பாள்.

"இல்ல," என்பார் ரோலண்ட்.