பனி கரையும் முன் சேர வேண்டிய கல்

"இன்னும் விடல" என்று முணுமுணுத்தபடி சூசை மேரி பட்டறையின் இரும்புக் கதவைத் தோளால் தள்ளித் திறப்பார். கண் செல்போனிலேயே இருக்கும். மாசி பிறந்துவிட்டால் திண்டிவனத்தில் காலையிலேயே முதுகில் வியர்வை வழியும். அவர் பார்த்துக்கொண்டிருப்பதோ வோரோனெஜ் என்ற ரஷ்ய நகரத்தின் பனியை.

"மண்ணு இன்னும் இரும்பாட்டம் கீது. குழி எடுக்க முடியாது. குழி எடுக்காம கல்ல எங்க நடுவான்?"

வாசலில் சுருண்டு கிடக்கும் நாய்க்குத்தான் இந்த விளக்கம். அது ஒரு காதை மட்டும் அசைக்கும். அதற்குப் பிறகே அவர் மோட்டார் சுவிட்சைப் போடுவார்.

அவர் விற்பது கல்லறைக் கல். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், கிளியனூர் வருவதற்கு முன்பே, கறுப்புச் சேறு ஓடும் ஒரு வாய்க்கால் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் அவருடைய பாலிஷ் பட்டறை. கணவர் தொம்மை தொடங்கியது அது. கல் சரிந்து முதுகில் அடிபட்டு அவர் வீட்டோடு தங்கிவிட்டார். அழுது முடித்த சூசை மேரி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பட்டறையில் இறங்கினார். இந்தப் பக்கத்துக் கருங்கல், மெருகேற்றினால் கண்ணாடி போல முகம் காட்டும். ரஷ்யர்களுக்கு அதுதான் வேண்டும். இறந்து போனவரின் முகத்தை அந்தக் கறுப்பில் வெள்ளைக் கோடுகளாகப் பொறித்து வைத்துக்கொள்வார்களாம்.

வரும் கல்லை நடுவிரல் முட்டியால் தட்டி, காதை அருகே கொண்டுபோவார். கணீரென்றால் சரி. சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே விரிசல். "ஜலதோசம் புடிச்ச கல்லு, ஓரமா வை" என்பார். எண்ணெய் பூசிக் கறுப்பாக்கிய கல்லை விற்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "மேக்கப் போட்ட பொணம்" என்று ஒரே போடாகப் போடுவார்.

ரஷ்யாவோடு வியாபாரம் என்றால் பாதிப் பேச்சு பொருளைப் பற்றியே இருக்காது. போர் வந்ததிலிருந்து, டாலரில் கிளம்பும் பணம் எந்த நாட்டு வங்கியில் போய் மாட்டிக்கொள்ளும் என்று சொல்ல முடியவில்லை. ஆகவே அவர் ரூபாயில்தான் பேசுகிறார். ரூபிள் சரிந்த வாரத்தில் அங்கே வாங்குகிறவரிடம் வாயைத் திறந்து விலை சொல்லமாட்டார். "அந்தாளு வவுத்தெரிச்சல்ல கீறாரு. இப்ப கேட்டா கொறைக்கச் சொல்லுவாரு. ரெண்டு நாளு போவட்டும்." பெரிய கப்பல் கம்பெனிகள் பல அந்தத் திசைக்கே வருவதில்லை. கிடைக்கிற கப்பலில் இடம் பிடித்து நோவோரோசிஸ்க் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பெயர் வாயில் நுழையாமல் அதற்கு 'நோவா' என்று சுருக்கப் பெயர் வைத்திருக்கிறார்.

எல்லாவற்றையும்விட அவர் மதிப்பது ஒரு நாளை. ரஷ்யர்களின் பாஸ்கா, அதாவது ஈஸ்டர், நம்முடைய பாஸ்கா வருகிற நாளில் பெரும்பாலும் வருவதில்லை. அதை வேளாங்கண்ணி மாதா காலண்டரில் பென்சிலால் தனியாகக் குறித்துவைப்பார். பாஸ்கா முடிந்த மறு வாரம் அங்கே குடும்பம் குடும்பமாகக் கல்லறைக்குப் போவார்கள். புதைத்த இடத்தில் அன்றைக்குக் கல் நிற்க வேண்டும். இங்கிருந்து கப்பல் கிளம்பும் நாளை அதிலிருந்து பின்னோக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

அவருடைய வியாபார தர்மம் ஒன்றே ஒன்று. கல்லை வெறுங்கல்லாக அனுப்ப வேண்டும்.

"ஒண்ணும் வெட்டாத கல்லுக்கு ஊரெல்லாம் மாப்பிள்ள. ரஷ்யாக்காரன் வேணாம்னா போலந்துக்காரன் வருவான். அவனும் வேணாம்னா விழுப்புரத்துல எவன் வூட்டு சமையக்கட்டு மேடைக்காவது ஆவும். சிலுவய வெட்டிட்டா ஒரே மாப்பிள்ளதான். அவன் கைவுட்டா வாழாவெட்டி."

இந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆர்டர் கூடியிருக்கிறது. எல்லாக் கல்லும் ஒரே அளவு. ஏன் என்று அவர் கேட்கவில்லை, போர்ச் செய்தி பார்க்கிறவர்தானே. தொழில் நன்றாக நடக்கிறது என்று யாராவது வாழ்த்தினால் மட்டும் முகம் வாடிவிடும். மரப்பெட்டியில் ஆணி அடிப்பதற்கு முன், ஒவ்வொரு கல்லின் மேலும் உள்ளங்கையை வைத்து, ஒரு செபம் சொல்லும் நேரம் அப்படியே நிற்பார். எந்தத் தாய் பெற்ற பிள்ளைக்கோ. அந்த நேரத்தில் பட்டறையில் யாரும் எந்திரத்தை ஓட்டுவதில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் சாய்ந்து தொங்கும் சிலுவையையோ சாமி படத்தையோ நேராக்காமல் உட்காரமாட்டார். ஒருமுறை வங்கியில் மேலாளர் தலைக்கு மேல் தொங்கிய பெருமாள் படத்தையே எழுந்துபோய் நிமிர்த்திவிட்டு வந்தவர். இந்தப் பழக்கம்தான் சென்ற ஆண்டு அவர் கழுத்தில் கயிறாக விழுந்தது.

வோரோனெஜில் கல் வாங்குகிறவர் பெயர் வலேரி. அவரிடம் சிலுவை வெட்டிக்கொண்டிருந்த பையனைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இந்த ஒரு தடவை சிலுவையை நீங்களே வெட்டி அனுப்புங்கள் என்று கேட்டு, வரைபடம் ஒன்றைச் செல்போனில் அனுப்பியிருந்தார். பட்டாளத்துக்குப் போன பையன் என்றதும் சூசை மேரியின் தர்மம் இளகிவிட்டது. சரியென்று சொல்லிவிட்டார்.

வரைபடத்தில் சிலுவைக்குக் குறுக்கே மூன்று கட்டைகள். மேலே சின்னது, நடுவில் பெரியது, காலடியில் ஒன்று. அந்தக் காலடிக் கட்டை சாய்ந்திருந்தது.

"இன்னாமா இது, கீழ்க்கட்ட மட்டும் எறங்கிக்கினு கீது?" என்று கேட்டார் பச்சைமுத்து. தகட்டில் வடிவம் வெட்டி, அதைக் கல்லில் வைத்துப் பொளிகிறவர் அவர்தான்.

"படத்த வரைஞ்சவன் கை ஆடியிருக்கும்ணே. சிலுவய எவனாவது கோணலா போடுவானா? நேராக்கு."

இருந்தாலும் ஒரு சந்தேகத்துக்கு விழுப்புரத்திலிருக்கும் கோதண்டபாணியைக் கூப்பிட்டார். கப்பல் காகிதமெல்லாம் பார்க்கிற ஏஜெண்ட் அவர்.

"சிலுவ உங்க டிபார்ட்மெண்டு மேரிம்மா. நாமத்துல சந்தேகம்னா கூப்டுங்க" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

நேராக வெட்டிய ஒரே தகட்டை வைத்து அத்தனை கல்லிலும் பொளிந்தார்கள். அழகான, நேரான, கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படியான சிலுவைகள். மார்கழிக்குள் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. பொங்கல் கழிந்ததும் லாரி வரவேண்டியது.

அதற்கு முன்னால் வந்தது வலேரியின் கிறிஸ்துமஸ் வாழ்த்து. அங்கே அதுவும் பிந்தித்தான். பனிக்கு நடுவில் பொன் கும்பங்களோடு ஒரு கோவில். சூசை மேரி முதலில் பனியைத்தான் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். உச்சியிலிருந்த சிலுவைகளைப் பார்த்தபடி கும்பத்துக்குக் கும்பம் நகர்த்தினார். செல்போனைப் பச்சைமுத்துவிடம் நீட்டினார்.

"அண்ணே, ஒரு சிலுவயில கீழ்க்கட்ட சாஞ்சா காத்துன்னு சொல்லலாம். எல்லாமேவா சாயும், அதும் ஒரே பக்கம்?"

பச்சைமுத்து எட்டிப் பார்த்தார். கடப்பாரையை எடுத்து வந்து முதல் பெட்டியின் ஆணியை நெம்பினார்.

மதியம் கோதண்டபாணி காகிதக் கட்டோடு வந்தபோது, பட்டறை முழுக்கப் பெட்டிகள் வாய் பிளந்து கிடந்தன. நடுவில் சூசை மேரி, இறந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவரைப் போலக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு கண்டெய்னர் சரக்கில்தான் பட்டறையின் முதல் மொத்தமும் முடங்கியிருந்தது. வலேரி வேண்டாமென்றால் அந்தக் கற்களை உலகத்தில் வேறு யாரும் வாங்கமாட்டார்கள். பட்டறையைப் பூட்டிவிட்டுச் சாவியை வங்கியில் கொடுக்க வேண்டியதுதான்.

விஷயத்தைக் கேட்ட கோதண்டபாணி ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"இதுக்கா இப்டி குந்திக்கினு கீறீங்க? நான் சொல்றத கேளுங்க. வலேரி பேங்க்குல துட்டு கட்டினாத்தான் இந்தக் காகிதம் அவன் கைக்குப் போவும். காகிதம் காட்டினாத்தான் கல்லு. இதுல இன்னா எழுதிக்கீது? கறுப்புக் கல்லு, இன்ன நீளம், இன்ன அகலம். கட்ட சாஞ்சிச்சா நிமுந்துச்சான்னு ஒரு வரி கெடயாது. அவன் தொறந்து பாக்கச்சொல்ல துட்டு நம்ம கையில."

"அப்புறம்?"

"அப்புறம் வேற ரஷ்யாக்காரன். ஆளுக்கா பஞ்சம்? ஜல்தியா ஆணிய அடிங்கமா."

சூசை மேரி யோசித்தார், ஆம், யோசிக்கத்தான் செய்தார். வீட்டில் குப்புறப் படுத்திருக்கும் தொம்மையின் முகம் வந்து போயிருக்கும். வாரக் கூலிக்கு நிற்கும் பச்சைமுத்து எதிரிலேயே இருந்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தொறந்து பாக்கப் போறது வலேரி மட்டும்னா நீ சொல்றதக் கேட்டிருப்பேன் பாணி. அவருக்கு அப்பால பாக்கப் போறது பெத்தவ" என்றவர், செல்போனில் வலேரியைக் கூப்பிட்டுவிட்டார்.

திரையில் கம்பளித் தொப்பியும் சிவந்த மூக்குமாக வலேரி வந்தார். இவர்கள் பேச்சை மொழிபெயர்க்க இன்னொரு செல்போன். அதிலிருந்து ஒரு பெண் குரல், வானொலிச் செய்தி மாதிரி சுத்தமான தமிழில் பேசும். சூசை மேரி வாழ்த்துச் சொல்லவில்லை, பனியைக் கேட்கவில்லை. கல்லுக்கு நேரே கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கீழே உள்ள கட்டை சாய்ந்திருக்க வேண்டும்" என்றது குரல்.

"தெரியும் சார். இன்னிக்கித்தான் தெரிஞ்சிது. கோணலா கீதுன்னு நான்தான் நிமுத்தச் சொன்னேன்."

"ஆண்டவரோடு இரண்டு கள்வர்கள் தொங்கினார்கள். மன்னிப்புக் கேட்டவன் பக்கம் முனை உயர்ந்திருக்கும். கேட்காதவன் பக்கம் தாழ்ந்திருக்கும்."

சூசை மேரிக்குத் தெரியாத கதையா? ஒவ்வொரு பெரிய வெள்ளியும் கேட்டு அழுகிற கதை. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"எத்தனை கற்கள்?"

"எல்லாமே சார்."

வோரோனெஜில் ஏதோ ஒரு நாய் குரைத்தது. செல்போன் குரல், "மன்னிக்கவும், புரியவில்லை" என்றது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"காகிதங்கள் வங்கிக்குப் போய்விட்டனவா?"

கோதண்டபாணி சட்டென்று கையிலிருந்த கட்டைப் பின்னால் மறைத்தார்.

"இல்ல சார். இங்கதான், ஏஜெண்டு முதுகுக்குப் பின்னாடி கீது."

அதையும் அந்தக் குரல் ஒன்றுவிடாமல் ரஷ்ய மொழியில் சொல்லிவைத்தது. வலேரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவர் பேசியது கொஞ்சம் நீளம். குரல் அதை நிறுத்தி நிறுத்திச் சொன்னது.

"முகத்தை அரைத்துவிட்டு மறுபடி வெட்டுங்கள். கல் மெலியும், விலையும் மெலிய வேண்டும். அடுத்த கப்பலில் வரட்டும், நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பாஸ்காவுக்கு மறு வாரம் வருகிற தாய்மார்களிடம், கல் இல்லாத மண்ணைக் காட்டி, நான்தான் பதில் சொல்ல வேண்டும்."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க சார்" என்றார் சூசை மேரி. "திண்டிவனத்துல ஒருத்தி தப்பு பண்ணிட்டா, திருத்திக்கினு இருக்கான்னு சொல்லுங்க."

கோதண்டபாணி ஸ்டூலை விட்டு எழுந்தார். "தேதி மாத்தணும், காகிதம் மறுபடி போடணும், பெரிய பேஜாரு" என்று அலுத்துக்கொண்டே விழுப்புரத்துக்குக் கிளம்பினார். போகும்போது தான் கொண்டுவந்த வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை மட்டும் அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

பொங்கல் அன்றும் பட்டறை ஓடியது. எந்திரம் அரைக்க அரைக்க நேரான சிலுவைகள் சேறாகக் கரைந்தன. அந்த ஆண்டு லாபமும் அதே வாய்க்காலில்தான் போனது. முகம் போன கல் சாம்பல் நிறத்தில் அழுது வடிந்தது. மெருகு ஏற ஏறக் கறுப்பு திரும்பி வந்தது. பச்சைமுத்து புதிய தகடு வெட்டினார். இந்த முறை கேட்டுக்கேட்டுத்தான் செய்தார்.

"இந்தப் பக்கம்தானமா மேல? மன்னிப்பு கேட்டவன் பக்கம்?"

"ஆமாண்ணே."

"அப்ப இந்தப் பக்கம் கீழ போனவன்." அவர் ஊதித் தூசியை விலக்கினார். "அவனையும் ஒருத்தி பெத்துத்தான இருப்பா."

பொளிந்து முடித்த முதல் கல்லை நிமிர்த்தி வைத்தார்கள். சூசை மேரி சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து சிலுவையைக் கழுவினார். தண்ணீர் மேலிருந்து இறங்கி, காலடிக் கட்டையின் பள்ளத்தில் விழுந்து, சரிவோடு ஓடி, மன்னிப்புக் கேட்காதவன் பக்கத்துத் தாழ்ந்த முனையில் வந்து திரண்டு நின்றது. அது சேற்றில் சொட்டுவதற்கு முன், சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அந்த முனைக்கடியில் இரண்டு கைகளையும் குவித்து ஏந்தினார்.