இடப் பல்லுக்கு ஐந்து இழுப்பு

எங்கள் அண்ணனை மண்ணுக்குள் வைத்து ஓராண்டு ஆகிறது. நினைவு ஜெபத்துக்காக நடந்தும் பஸ் ஏறியும் வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். இதை எழுதும் நான் அவருடைய ஒரே தங்கை, பள்ளி ஆசிரியை. அண்ணனின் நல்ல குணங்களை எழுதத்தான் உட்கார்ந்தேன். என்னுடைய கெட்ட குணம் ஒன்று குறுக்கே வந்து நின்றுகொண்டது. நகர்த்திப் பார்த்தேன், நகரவில்லை. ஆகவே அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அண்ணன் காவாந்தண்டலத்தில் கூலிக்காரப் பெற்றோருக்குத் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். நிலம் என்று எங்கள் வீட்டுக்குள் வந்தது காலில் ஒட்டிய சேறு மட்டும்தான். நைனா இறந்தபோது அண்ணன் மூன்றாம் வகுப்பு. சிலேட்டை என் மடியில் வைத்துவிட்டு நாற்றுக்கட்டு சுமக்கப் போனார். அந்தச் சிலேட்டில் நான் எழுதக் கற்றேன். ஆனாலும் மாலையில் வந்து அவர் எதையாவது பிரித்து மாட்டும்போது, அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் கொடுத்ததை வைத்துக்கொண்டு, அவரிடம் இருந்ததற்கு ஏங்கினேன். பொறாமை என்னிடம் முதலில் அப்படித்தான் வந்தது, அன்பைப் போலவே உடுத்திக்கொண்டு.

யுத்த காலத்தில் அண்ணன் ஒரு பட்டாளத்து முகாமில் கூலியாக இருந்தார். முகாமைக் கலைத்தபோது பழைய இரும்பு ஏலத்தில் ஒரு மிஷின் ரம்பத்தை எடுத்துவந்தார். ஒரு முனையில் எஞ்சின், மறுமுனையில் கைப்பிடி, நடுவே ஓர் ஆள் நீளத்துக்கு இரும்புப் பட்டை, பட்டையைச் சுற்றி ஓடும் பல் வைத்த சங்கிலி. இரண்டு பேர் பிடித்தால்தான் மரம் அறுக்கும். செத்துப்போன மிஷினைத்தான் தூக்கி வந்திருக்கிறார் என்று ஊர் சிரித்தது.

உதிரி பாகம் வாங்க வழியில்லை. வழியில்லாததே அண்ணனுக்கு வழியாயிற்று. பெட்ரோலில் மிதக்க வேண்டிய தக்கை ஊறி மூழ்கியிருந்தது. மருந்துப் புட்டித் தக்கையைச் செதுக்கி, தட்டாரிடம் கேட்டு வாங்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினார், மிதந்தது. எண்ணெய் கசிந்த இணைப்பில் காலண்டர் அட்டையை வெட்டி வைத்தார். எஞ்சினைக் கிளப்பும் கயிறு இற்றபோது, காஞ்சிபுரத்துத் தறிக்காரர் கழித்துப்போட்ட பட்டு நூலைப் பல புரியாக முறுக்கினார். எங்கள் வீட்டில் பட்டு என்றிருந்தது அந்தக் கயிறு ஒன்றுதான், எனக்கு அதன்மேலும் பொறாமை. சங்கிலிக்கு விட பஸ் ஷெட்டில் கொட்டிய எண்ணெயை வடிகட்டினார். தூசி போகாமல் காற்றை வடிகட்ட என் கிழிந்த தாவணி. அந்த ஒரு துண்டை நினைத்துப் பல நாள் பூரித்திருக்கிறேன்.

சனிக்கிழமைதோறும் சங்கிலியைக் கழற்றி, பல்லைக் கூராக்க அரம் போடுவோம், பல்லுக்கு மூன்று இழுப்பு. பல் இரண்டு வகை. ஒன்று இடப்பக்கம் சாய்ந்தது, அடுத்தது வலப்பக்கம். வலப் பல் அண்ணனுக்கு, இடப் பல் எனக்கு. உலகத்தில் எனக்கென்று இருந்த நேரம் அது. ஆனால் மரத்தில் வைத்தால் ரம்பம் நேரே இறங்காமல் பிறைபோல் வளைந்து இறங்கியது. ஒருநாள் அண்ணன் காரணத்தைக் கண்டுபிடித்தார்.

"நம்ம ரெண்டு பேருதும் சோத்துக்கை தங்கச்சி, இடக்கை பழக்கம் யாருக்கும் இல்ல. ஒரு பக்கம் அழுத்தி வுயிது, இன்னொரு பக்கம் மேலாக்க வுயிது. பல்லு சமமா இல்லன்னா அது கோணிக்கினுதான் போவும்."

அந்த வாரமே, ஏரியோர இருளர் குடிசைகளிலிருந்து கன்னியப்பன் கிளை கழிக்கக் கூலிக்கு வந்தார். அவர் இடக்கையில் கத்தி பிடிப்பதை அண்ணன் பார்த்தார். கத்தியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, நான் பிடித்துப் பிடித்து வழவழப்பாகியிருந்த அரத்தை அந்தக் கையில் கொடுத்தார்.

"இந்தக் கையத்தான்யா தேடிக்கினு இருந்தேன்."

அருகில்தான் நின்றிருந்தேன். அந்த வார்த்தையை நான் இன்னும் விழுங்கவில்லை.

அதன்பின் ரம்பம் நூல் பிடித்தாற்போல் இறங்கியது. அரம் மட்டுமல்ல, ரம்பத்தின் மறுமுனையும் கன்னியப்பனுக்குப் போயிற்று. எஞ்சின் சத்தத்தில் பேச முடியாது, இருவரும் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். வகுப்பில் தொண்டை கிழியக் கத்தும் என்னை அப்படி ஒரு பிள்ளையும் புரிந்துகொண்டதில்லை. சோற்றைப் பாதியாகப் பிரித்து அண்ணன் அவரிடம் தள்ளுவார். சேர்ந்து உண்பதைப் பார்த்து ஊர் முணுமுணுத்தது. நானும் முணுமுணுத்தேன், என் காரணம் வேறு. என்னை "டீச்சரம்மா" என்று அவர் மரியாதையாக அழைப்பதுகூட என்னை வாசலில் நிறுத்துவதுபோல் இருந்தது.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து நான் மட்டும் முன்னால் வீடு வந்தேன். முந்தின நாள் இருவரும் அரம் போட்டு முடித்த சங்கிலி கொக்கியில் தொங்கியது. என் கையும் கைதான் என்று காட்ட நினைத்தேன். கன்னியப்பன் அராவிய இடப் பற்கள் மீதே, பல்லுக்கு ஐந்து இழுப்பு, ஒன்று விடாமல் போட்டேன். பளபளவென்று மின்னியது. எண்ணெய் தடவி, இருந்தபடியே மாட்டிவைத்தேன்.

மறுநாள் திருப்புலிவனம் சாலையோரம், விறகு காண்டிராக்டர் எடுத்திருந்த பெரிய புளியமரம். பள்ளி விடுமுறை, சோறு கொண்டுபோயிருந்தேன். ரம்பம் பாதி மரம் போகுமுன் கோணியது, இறுகியது, எஞ்சின் நின்றது. பிடுங்கி எடுத்தபோது இரும்புப் பட்டை வளைந்திருந்தது. காண்டிராக்டர் வாய்க்கு வந்தபடி பேசினார். காட்டில் திரிகிறவன் கையில் மிஷினைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்றார். கன்னியப்பன் இடப் பற்களைக் கட்டை விரலால் மெல்லத் தடவினார். இரண்டாம் முறையும் தடவினார். பிறகு தலைநிமிராமல் சொன்னார்.

"என் கைதான் சாமி தப்பு பண்ணிச்சி."

என் வாயில் வார்த்தை இருந்தது. தூக்குச்சட்டியைக் கீழே வைத்தேன், வார்த்தையை வைக்கவில்லை.

அவரை நீக்கினால்தான் வேலை என்றார் காண்டிராக்டர். அண்ணன் நீக்கவில்லை, வேலை போயிற்று. வளைந்த பட்டையை வண்டிப்பட்டறையில் தட்டி நிமிர்த்தும்வரை, கோடை முழுவதும் இரண்டு வீட்டிலும் கேழ்வரகுக் கூழ்தான். நிமிர்த்திய பின்னும் சின்னச் சின்ன மரங்களே கிடைத்தன. அதை வைத்தே அண்ணன் திருமணம் செய்தார், இரண்டு பிள்ளைகளை வளர்த்தார், யாரிடமும் முகம் சுளித்ததில்லை.

கடைசி மாதங்களில் நெஞ்சுச் சளி அவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டது. ஒரு சனிக்கிழமை சங்கிலியை என்னிடம் எடுத்துவரச் சொன்னார். அரத்தை எடுத்து இடப் பல்லில் வைத்தேன். அவர் கண்ணை மூடியபடியே சிரித்தார்.

"பாத்து தங்கச்சி. அன்னிக்கி மாதிரி அஞ்சஞ்சு போட்டுடப் போற."

அரத்தைக் கீழே வைத்தேன். எப்போதிலிருந்து தெரியும் என்றேன்.

"பல்ல பாத்தா யாரு கைன்னு தெரியாதா? அவனுக்கும் தெரியும். அவன்தான் சொல்ல வேணான்னான். டீச்சரம்மாவ நாலு பேரு பேஜார் பண்ணுவாங்க, நம்மள பேசினா பேசிட்டுப் போவட்டும்னான்."

வெட்கப்பட்டிருக்க வேண்டும். பட்டேன். ஆனால் கர்த்தர் அறிய எழுதுகிறேன், அதற்கு முன்னால் வேறொன்று சுட்டது. என்னைப் பற்றிய ரகசியம் ஒன்றைப் பத்து ஆண்டுக்கு மேல் அவர்கள் இருவரும் சேர்ந்து சுமந்திருக்கிறார்கள், ரம்பத்தைச் சுமந்ததுபோல. அதிலும் எனக்குப் பிடிக்க ஒரு முனை இல்லை.

அண்ணன் போன பிறகு, ரம்பத்தை அண்ணியின் தம்பி ஓட்டட்டும், பட்டையை வளைத்த கன்னியப்பன் கையில் மட்டும் தரக்கூடாது என்று உறவினர்களாகிய உங்களில் சிலர் சொன்னீர்கள். அதனால்தான் இவ்வளவும். வளைத்தது நான். எல்லாரும் அறிய இங்கே அச்சில் போடுகிறேன். அண்ணியும் இதைக் கேட்டுவிட்டு, எஞ்சின் பக்கம் தன் தம்பிக்கு, மறுமுனை எப்போதும்போல் கன்னியப்பனுக்கு என்று முடிவு சொல்லிவிட்டார்.

அச்சுக்குக் கொடுக்குமுன் கன்னியப்பனுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். பட்டை வளைந்த கதையை எடுத்துவிடுங்கள் டீச்சரம்மா என்றார். மாட்டேன் என்றேன்.

அண்ணனின் நோயில் மருந்து தந்த கம்பவுண்டருக்கும், ஜெபித்த போதகருக்கும், பாடை சுமந்த தோள்களுக்கும், இரவல் பாத்திரம் தந்த வீடுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இடக்கையால் எங்களுக்குச் சோறு போட்டவருக்கு நன்றி என்ற சொல் போதாது, வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் வலப் பல் எனக்கு. அண்ணன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, பல்லுக்கு மூன்று இழுப்பு, அவர் போட்டபடி. முடித்ததும் கன்னியப்பன் கட்டை விரலால் தடவிப் பார்க்கிறார். அண்ணன் அளவு வந்துவிட்டது என்று அவர் இன்னும் சொல்லவில்லை. அரத்தை மறுபடியும் என் கையில் கொடுக்கிறார்.