வீரமலை எறக்கம்

முன்பொரு நாள், இலங்கை மலையகத்தில் தெமோதரையைத் தாண்டி, மலைப்பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கிய இதை எழுதுகிறவன், எதிரே நின்ற முதியவரிடம் கேட்டான்: "ஐயா, வீரமலை எங்க இருக்கு?"

"ஊரைக் கேக்குறீங்களா தம்பி, ஆளைக் கேக்குறீங்களா? ஆளுன்னா இந்தா முன்னால நிக்குது. ஊருன்னா நூத்தம்பது படி ஏறணும்."

அந்தப் படிகளை வெட்டியதும் அவர்தான்.

பத்து வருடத்துக்கு முந்திய ஐப்பசி மழையில், அவர் பிறந்து வளர்ந்த லயத்தின், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின், சுவர் வெடித்தது. மேலே கைவிட்ட தேயிலை மலையொன்று மானாப்புல் மண்டிக் கிடந்தது. தோட்டத்து மேலாளரான துரையிடம் வாய்ச்சொல்லாக அனுமதி வாங்கிக்கொண்டு, மண்வெட்டியோடு தனியாக ஏறினார் வீரமலை. புல்லை வெட்டினார், மேட்டைச் சமப்படுத்தினார், ஊற்றிலிருந்து குழாய் இழுத்துத் தண்ணீர் விழும் பீலி வைத்தார். தகரக்கூரையோடு முதல் வீடு எழும்பியது. குடிபோன அன்று தோட்டத்து ஆபீசுக்குப் போய் லயத்துச் சாவியை மேசையில், குடியிருப்போர் பெயர்ப்பதிவேடான இடாப்பின் மேல் வைத்தார்.

"லய இடாப்புல என் பேரை வெட்டிருங்க ஐயா. இனி நான் லயத்தான் இல்ல."

"யோசிச்சுச் சொல்லு வீரமலை," என்றார் கிளாக்கர்.

"பத்து வயசுலயே யோசிச்சாச்சு. வெட்டுங்க."

அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக முப்பத்தொரு குடும்பம் ஏறியது. யாரும் பேரை வெட்டவில்லை. லயத்து அறைகளான காம்பிராக்களில் விறகை அடுக்கினார்கள், ஆட்டைக் கட்டினார்கள்.

"ரெண்டு வீட்டுக்காரரு வர்றாருடோய்! ஆடு சொகமா இருக்கா?" என்று பக்கத்து வீட்டு இராசமணியை வம்புக்கிழுப்பார் வீரமலை.

"நீங்க ராசாண்ணே. எங்களுக்கு இடாப்பு வேணுமே," என்று சிரிப்பான் அவன்.

பஸ் கண்டக்டர் 'வீரமலை எறக்கம்' என்று கத்தத் தொடங்கியதும், ஊருக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

பிறகு நிலத்துக்கான காணி உறுதிப் பத்திரம் கொடுக்க, பிரதேச செயலகத்திலிருந்து கேசினி என்ற அலுவலர் பட்டியலோடு வந்தாள். முப்பத்தொரு பெயரையும் வாசித்துவிட்டுத் தாளை மடித்தாள்.

"நல்லாப் பாரு தாயி. மொத வீடு என்னோடது."

"உங்கட பேர் இதில இல்லை ஐயா. லய இடாப்பை வைச்சுத்தான் பட்டியல் போட்டவை."

"நாந்தான் வெட்டச் சொன்னேன்," என்றார் வீரமலை.

"என் ஆட்டுக் காம்பிராவுக்குக் காணி கெடச்சிருச்சுண்ணே," என்றான் இராசமணி. கேலியாகத்தான் ஆரம்பித்தான்; பாதியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூன்று மனு போட்டார். செயலகம் தோட்டத்தைக் கேட்கச் சொன்னது. தோட்டத்திலோ, வாய்ச்சொல் கொடுத்த துரை எப்போதோ மாறிப் போயிருந்தார். புதியவர் இடாப்பைத் திருப்பி, வெட்டிய கோட்டைக் காட்டினார். "ஒங்க விருப்பப்படிதானே வெட்டியிருக்கு?"

அவருடைய வீடு நின்ற காணித்துண்டைச் செயலகம், சுவர் வெடித்த வேறொரு லயத்தின் விதவைக்கு ஒதுக்கியது. இரண்டு பிள்ளைகளோடும் மூட்டைகளோடும் வந்து வாசலில் தலைகுனிந்து நின்றாள் அவள்.

"ஏசணும்னா ஏசுங்கய்யா. நான் எங்க போவேன்?"

ஏச வேண்டுமென்றுதான் வீரமலை வாசலுக்கு வந்தார். பிள்ளைகள் நனைந்திருந்தார்கள்.

"மழை நேரத்துல பீலியில எலை அடைக்கும்மா. கம்பியால குத்தி விடு," என்று சொல்லிச் சாவியை அவள் கையில் கொடுத்தார். அவர் வாழ்நாளில் ஒப்படைத்த இரண்டாவது சாவி அது.

வீரமலை இப்போது பண்டாரவளையில், மகள் சுதர்ஷினியின் வாடகை அறையில் இருக்கிறார்.