வெள்ளிமலை விலாசத்துக்கு ஒரு மெஷின்

புதுச்சேரியிலிருந்து லாரி விடியற்காலையில் புறப்பட்டது. கள்ளக்குறிச்சிக்குப் போகும் சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே, சாக்கு சுற்றிய என் சாமை அரவை மெஷின். விலை ஆறாயிரம் ரூபாய், மூன்று வருஷச் சேமிப்பு. கல்யாணமாகியும் அதே மூன்று வருஷம்தான். என் மனைவி கலைச்செல்வி கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் நர்ஸ். நான் புதுச்சேரி அரிசி மில்லில் வேலை. அவள் இருக்கும் பக்கத்தில் சாமையின் உமி நீக்க மில் இல்லை. சனங்கள் மூட்டையைச் சுமந்து கச்சிராயப்பாளையம் இறங்குகிறார்கள். அங்கே ஒரு மெஷின் போட்டுவிட்டால் எனக்கும் பிழைப்பு, கலாவோடு ஒரே வீட்டில் இருக்கவும் செய்யலாம்.

பில் எழுதும்போது கடைக்காரர், "விலாசம் இங்கத்ததா?" என்று கேட்டார். மில் அறையின் விலாசத்தைச் சொல்லியிருக்கலாம். "வெள்ளிமலைன்னு போடுங்க" என்றேன். என் பெயருக்குக் கீழே அந்த ஊரை எழுத்தில் பார்க்க அவ்வளவு ஆசை.

எல்லைச் சோதனைச் சாவடி அதிகாரியின் கண் அந்த வரியில்தான் நின்றது.

"வெள்ளிமலைக்கு அனுப்புறதுன்னு பில்லுலயே இருக்கு. அப்ப இது வெளிமாநில விற்பனை. உள்ளூர் வரி எப்படிப் போட்டாங்க?"

"நான் நேர்ல போயி வாங்கினதுங்க. வரியும் அங்கயே கட்டிட்டேன்."

"உள்ளூர் விலாசம் இருந்தா அந்தப் பேச்சு செல்லும். வியாபாரின்னு பதிவு, சி பாரம், ஏதாவது இருக்கா?"

இன்னும் ஆரம்பிக்காத மில்லுக்கு ஏது பதிவு? பதிவுள்ள வியாபாரி தரும் அந்தப் பாரம் இல்லாவிட்டால் வெளிமாநில விற்பனைக்கு வரி பத்து சதவீதம். கடையில் நான் கட்டியது நாலு. மீதியைக் கடையில் கட்டி, திருத்திய பில்லோடு வரும்வரை மெஷின் சாவடியிலேயே இருக்கும் என்றார். வெகுநேரம் வாதாடினேன். மனிதர் கோபப்படவும் இல்லை, இறங்கி வரவும் இல்லை. எனக்கு எரிச்சலே அதுதான்.

டிரைவர் முனுசாமி தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா சார் நீ! பாண்டின்னு போட்டிருந்தா இந்நேரம் போய்க்கினே இருப்போம். நாளைலேருந்து மறியலாம், மரத்த வெட்டி ரோட்டுல போடப்போறாங்களாம். ஏறுறியா, திரும்புறியா?"

திரும்பினாலும் கட்டக் கையில் பணமில்லை. மெஷினைச் சாவடியில் இறக்கிவைத்துவிட்டு ஏறிவிட்டேன்.

விழுப்புரம் தாண்டி, உளுந்தூர்பேட்டை தாண்டி, சுவரெல்லாம் இட ஒதுக்கீடு கேட்டு, மறியலுக்கு வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். தியாகதுருகத்துக் கோட்டைக் குன்று கண்ணில் பட்டாலே எனக்கு உற்சாகம் வந்துவிடும், பாதி மலை ஏறிவிட்டமாதிரி. அன்று அதை ஏறிட்டுப் பார்க்கவே பிடிக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு டீயைக் குடித்துவிட்டு வெள்ளிமலை பஸ்ஸைப் பிடித்தேன். கச்சிராயப்பாளையத்தில் அரவை முடித்த மூட்டையோடு ஒரு அம்மா ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நர்சம்மா வூட்டுக்காரருதானே? மெஷினு எப்பங்க வரும்? சொமந்து சொமந்து கழுத்தே போச்சு."

"வந்துக்கினே இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வாசலுக்கு ஓடிவந்த கலா என் வெறுங்கையைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். "நீங்க வெள்ளிமலைக்காரருன்னு எனக்கு முன்னாடி சர்க்காருக்குத் தெரிஞ்சிபோச்சா?" என்று சிரித்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

மறுநாள் பஸ் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. கீழே புளியமரங்கள் ரோட்டில் கிடப்பதாகச் செய்தி வந்தது. மருந்து வரவில்லையே என்று கலா தவித்தாள். நான் அவளுக்குத் தண்ணீர் தூக்கினேன், சோறு வடித்தேன், வேலை முடிந்து அவள் வரும் வழியைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று ஏங்கினேன். பஸ் விட்டாச்சு என்று ஊரே மகிழ்ந்தபோது நான் மட்டும் பையை எடுக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

வரி பாக்கி முந்நூற்று அறுபது ரூபாய். என் சம்பளத்தில் அது மிஞ்ச இரண்டு மாதம் ஆகும். கலா பஸ் வரைக்கும் வந்தாள்.

"வரி கட்டணும்னு வயித்தக் கட்டாதீங்க. ரெண்டு மாசம் மூணாவே ஆவட்டும்."

சரி என்று தலையாட்டினேன். மூன்று மாதம் அவளைப் பிரிந்து காத்திருக்க என்னால் ஆகாது. பஸ் மலையிறங்கி முடிப்பதற்குள், இனி மதியச் சாப்பாடு வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன்.