மூழ்காத ஒரு நாள்

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் பூக்கடை முன்னால் நின்றுகொண்டு, வாங்குவதா வேண்டாமா என்று என் அக்கா மகன் கதிரும் நானும் சண்டை போட்டோம்.

"வேணாம் சித்தி. பூவைக் கொண்டுபோய் அவன் போட்டோவுக்குப் போடச் சொல்றீங்களா? என்னால முடியாது."

சரி என்று ஆப்பிள் வாங்கினோம். மகனைப் பறிகொடுத்த வீட்டுக்கு ஆப்பிளோடு போவது சரியா? தெரியவில்லை. வெறுங்கையோடு போகவும் துணிச்சல் இல்லை.

நாங்கள் போனது உட்லண்ட்ஸில் இருக்கும் பிரசாந்தின் வீட்டுக்கு. அவனும் கதிரும் இங்கிலாந்தில் ஒரே பல்கலைக்கழகம், ஒரே அறை. விடுமுறை கிடைத்தால் போதும், ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். கோட்டை, அருவி, பழைய தேவாலயம்... ஒவ்வொரு இடத்திலிருந்தும் கதிர் எனக்குப் படம் அனுப்புவான். 'குளிர் தாங்கல சித்தி' என்று எழுதியிருப்பான். படத்தில் சிரித்துக்கொண்டிருப்பான்.

கடைசியாக அவர்கள் பார்க்கப் போனது ஒரு தீவு. கரையிலிருந்து தீவுக்குக் கடலுக்கு நடுவே காஸ்வே என்ற சாலை இருக்கிறது. கடல் உள்வாங்கினால் காரில் போகலாம். கடல் ஏறினால் சாலையே காணாமல் போய்விடும். எச்சரிக்கைப் பலகை இருந்ததாம். படித்தார்களாம். ஆனாலும் சிங்கப்பூரில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் காஸ்வே என்றால் என்ன? மலேசியாவின் ஜொகூருக்குப் போகும் காஸ்வே. அதில் வாகன நெரிசல் உண்டு. அது கடலுக்குள் முங்கும் என்று யார் நினைப்பார்கள்?

திரும்பும்போது சாலையில் தண்ணீர் தேங்கியிருந்தது. முன்னால் போன கார் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. நாமும் போய்விடலாம் என்று இருவருமே நினைத்தார்கள். பாதி வழியில் இன்ஜின் நின்றது.

கதிர் பிழைத்தான். பிரசாந்த் பிழைக்கவில்லை.

உடல் இங்கே வந்து சேர்ந்தபோது கதிர் அங்கே மருத்துவமனையில் இருந்தான். பிறகு ஊர் திரும்பியும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. என் அக்காவும் போக விடவில்லை. "அவங்க கேட்டா எம்புள்ள என்ன பதில் சொல்வான்?" என்று அழுவாள். பிரசாந்தின் அம்மாதான் எனக்கு போன் செய்தார். "திட்ட மாட்டேன்மா. ஒரு தடவை கூட்டிட்டு வாங்க" என்றார்.

வீவக அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் நான்கு பேர் உட்கார்ந்தோம். ஆப்பிள் பை நடுவில். பிரசாந்தின் அப்பா பேருந்து ஓட்டுநர், அதிகம் பேசாதவர். அவர்தான் முதலில் கேட்டார்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே காரை விட்டு இறங்குனீங்க?"

"ஆமா அங்கிள். பக்கத்துல உயரமா ஒரு மரக் கூண்டு இருந்துச்சு. மாட்டிக்கிறவங்க ஏறி நிக்கறதுக்கு. அங்க போகத்தான் நடந்தோம். தண்ணி இடுப்புக்கு மேல வந்துடுச்சு."

"அப்புறம்?"

"அவன் கையைப் பிடிச்சிருந்தேன் அங்கிள். குளிர்ல என் விரலே எனக்குத் தெரியல. பிடிச்சிட்டிருக்கேன்னுதான் நெனச்சேன். ஏணியைத் தொட்டுத் திரும்பிப் பாக்கறேன்... கையில ஒண்ணுமில்ல."

அவர் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இனி கிளம்புவதுதான் மரியாதை என்று நான் எழப் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கதிரைப் பார்த்தார்.

"எப்படிச் செத்தான்னு எல்லாரும் சொல்லிட்டாங்கப்பா. போலீஸ், யூனிவர்சிட்டி, பேப்பர் எல்லாரும். அன்னைக்கு அவன் என்ன சாப்பிட்டான்னு ஒருத்தரும் சொல்லல. நீ சொல்லு."

கதிர் மெதுவாக ஆரம்பித்தான்.

"மீனும் சிப்ஸும் ஆன்ட்டி. சப்புன்னு இருந்துச்சு. அவன் பேக்லேருந்து மிளகாய் சம்பல் எடுத்தான்."

"நான் குடுத்து விட்டதா?"

"அதேதான். கடைக்காரர் டேஸ்ட் பண்ணிட்டுக் கண்ணுல தண்ணி விட்டுட்டார். 'ஸ்ட்ராங் லா, அங்கிள்'னு அவர்கிட்டயே சொன்னான்."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்புறம் சீல், அதான் கடல்நாய், பாத்தோம். மணல் திட்டுல கூட்டமா படுத்துட்டு ஊஊன்னு சத்தம் போடும். 'டேய், எங்கப்பா கொட்டாவி விடற மாதிரியே இருக்குடா'ன்னான். போற வழியெல்லாம் அதே மாதிரி கத்திக் காமிச்சான்."

"எங்க, நீ கத்து."

கதிர் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கத்தினான். அந்த அம்மா சிரித்தார். சத்தமாக, உடம்பு குலுங்க. அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று பக்கத்தில் இருந்த எனக்கே தெரியவில்லை.

துக்கம் விசாரிக்கப் போகும் நாம் எல்லோரும் என்ன செய்கிறோம்? கடைசி நிமிடத்தைத்தான் தோண்டுகிறோம். எப்படி ஆச்சு, எத்தனை மணிக்கு, டாக்டர் என்ன சொன்னார்... அதற்கு முந்தைய மணி நேரத்தைக் கேட்க யாருக்குத் தோன்றுகிறது? சாகும் நாளிலும் மனிதர்கள் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். அப்பாவைக் கிண்டல் செய்திருக்கிறார்கள்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அறைக் கதவு திறந்தது.

"தம்பி."

கதிர் திரும்பினான்.

"அவ சிரிச்சது உள்ள கேட்டுச்சு. நீ வந்துட்டுப் போ. ஆனா நான் வீட்ல இருக்கறப்ப வேணாம். ஒன்னைப் பாத்தா எனக்குத் தாங்கல." மறுபடி கதவைச் சாத்தப் போனவர் நின்றார். "புதன்கிழமை எனக்கு மத்தியானம் ஷிஃப்ட்."

அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான், பெயர்களை மாற்றி இதை எழுதுகிறேன். இது உங்கள் கைக்கு வரும்போது புதன்கிழமை கடந்திருக்கும்.

கதிர் போய் வந்திருப்பான்.