ஐந்தாவது செட்டின் கடைசி ஆறு கேம்கள்

அடுப்பில் உப்புப் போட்ட "மல்லாட்டை", அதாவது வேர்க்கடலை, வேகிற வாசனையும், அப்பா வலது காலைத் தூக்கி மடித்துப் போட்டபோது சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி முனகிய சத்தமும் ஒன்றாக வந்த ஒரு நொடியில்தான் அந்த யோசனை எனக்கு முதன்முதலில் தோன்றியது. அப்போது எனக்குப் பத்து வயது. தொலைக்காட்சியில் ஓடிய டென்னிஸ் ஆட்டத்தில் எங்கள் ஆள் தோல்விக்கு ஒரே ஒரு புள்ளி தள்ளி நின்றுகொண்டிருந்தான். அப்பா காலை மடித்தார். எங்கள் ஆள் அந்தப் புள்ளியைப் பிடித்தான், அடுத்ததையும் பிடித்தான், ஒரு மணி நேரம் கழித்து ஆட்டத்தையே பிடித்துவிட்டான். "நீ காலை மடிச்சதாலதாம்பா ஜெயிச்சான்" என்று நான் குதித்தேன். "அப்படியா சொல்ற? இனிமே இதே போஸ்தான் அப்ப" என்றார் அப்பா. அவர் சும்மாதான் சொன்னார். நான்தான் மறுநாளே நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டு, எந்த கேமில் அப்பா எப்படி உட்கார்ந்திருந்தார், அதை யார் ஜெயித்தார் என்று எழுத ஆரம்பித்தேன்.

ஊரே கிரிக்கெட் பார்க்கும்போது செங்கம் ரோட்டில் எங்கள் ஒரு வீட்டுக்குள் மட்டும் டென்னிஸ் எப்படி வந்தது என்று கேட்பார்கள். அப்பா வேங்கிக்கால் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். அவருடைய அதிகாரிக்குச் சாயங்காலமானால் டென்னிஸ்; அவசரக் கையெழுத்து வேண்டுமென்றால் பைலைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய், கம்பி வலைக்கு வெளியே நின்று, ஆட்டம் முடிகிறவரை காத்திருக்க வேண்டும். அப்படி வருடக்கணக்காக நின்று நின்றே அப்பா அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். ராக்கெட்டை ஒருநாளும் கையில் பிடித்ததில்லை. "பதினஞ்சு, முப்பது, அப்புறம் நாப்பத்தஞ்சுதானே வரணும்? நாப்பதுன்றான். மீதி அஞ்சு எங்க சார் போச்சுன்னு ஆபீசரையே கேட்டுட்டேன். முழிக்கிறாரு!" என்று அவர் சொல்லும்போது, டென்னிஸ் என்றாலே எரிச்சல்படும் அம்மாவும் சிரித்துவிடுவாள்.

அந்த வருடங்களில் ஆண்கள் டென்னிஸின் உச்சியில் நின்ற இருவருக்கும் எங்கள் வீட்டில் வேறு பெயர்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் முகத்தில் ஒன்றும் தெரியாத ஒருவன் "சாமியார்". கிரிவலப் பாதையில் மரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டியவன் வழிதவறிப்போய்விட்டான் என்பார் அப்பா. ஒவ்வொரு அடிக்கும் உறுமிக்கொண்டு, பந்தைக் கிழித்துவிடுகிறவனைப் போல ஆடிய இன்னொருவன் "தவுலு". என்னைவிட ஆறு வயது பெரியவனான அண்ணன் சாமியார் கட்சி. நானும் அப்பாவும் தவுலு கட்சி. இந்த இருவருக்கும் பின்னால் "ரப்பரு" என்று நாங்கள் கூப்பிட்ட மூன்றாவது ஒருவனும் இருந்தான். எங்கே அடித்தாலும் நீண்டு வளைந்து எடுத்துவிடுவான். தேதி கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம், இவர்கள் ஓய்வு பெறுவதற்குள் ஆளுக்கு எத்தனை பெரிய பட்டங்கள் ஜெயிப்பார்கள் என்று அப்பா, அண்ணன், நான் மூன்று பேரும் தனித்தனியாக எழுதி வைப்போம். "இவன் ரெண்டோ மூணோ ஜெயிப்பான், அதோட சரி" என்று ரப்பருக்கு அப்பா தீர்ப்பு எழுதினார். "உன் தவுலுக்கு முட்டி போயிடும் பாரு, அப்புறம் சாமியாருக்கு ஆளே இல்ல" என்று அண்ணன் சீண்டுவான். "உன் சாமியாருக்குத்தான் வயசாயிடுச்சு, காவி வாங்கிக் குடு" என்பேன் நான். இந்தச் சண்டைகளில் எங்கள் வீட்டுச் சுவரே அதிரும்.

நோட்டு பாதி நிரம்பியபோது, காலை மடித்து உட்காருவது சட்டமாகவே ஆகிவிட்டது. முக்கியமான கேமில் அப்பா அசையக்கூடாது, தண்ணீர் குடிக்க எழுந்திருக்கக்கூடாது. எழுந்தால் நான் அழுவேன். அலுவலகத்தில் ஒருவர் பேச்சையும் கேட்காத மனிதர் என்று பெயர் வாங்கியவர், பதினொரு வயதுப் பெண்ணின் பேச்சைக் கேட்டுக்கொண்டு மரத்துப்போன காலோடு உட்கார்ந்திருப்பார்.

அந்த ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் தவுலும் சாமியாரும் மோதினார்கள். ஞாயிற்றுக்கிழமை, தைப்பூசப் பௌர்ணமியும் அன்றைக்கே. மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கும்போதே வாசலில் கிரிவலக் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. எங்கள் தெருக்காரர்கள் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் செய்வதைப்போல அம்மா வாசலில் அண்டா வைத்து, நடந்துவருகிறவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆட்டம் செட் கணக்கில் இரண்டுக்கு இரண்டு என்று சமமாகி, கடைசியான ஐந்தாவது செட்டுக்குப் போனதும் அண்ணன், "என்னால பாக்க முடியல, முடிஞ்சதும் கூப்பிடு" என்று மொட்டை மாடிக்கு ஏறிவிட்டான். அறையில் நானும் அப்பாவும்தான்.

அந்த செட்டில் கேம்கள் மூன்றுக்கு மூன்று என்று இருந்தபோது அப்பா வலது கையை இடது கையால் பிடித்துத் தேய்த்தார். "என்னமோ மரத்துப்போன மாதிரி இருக்கு பாப்பா. கொஞ்சம் எழுந்து நடந்துட்டு வரேன்" என்றார்.

"ஐயோ, இப்ப எழுந்துக்காதப்பா! இன்னும் கொஞ்ச நேரந்தான்."

"அம்மாவையாவது கூப்பிடேன்."

"முடியட்டும்பா, ப்ளீஸ்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு வாயின் ஒரு பக்கத்தில் மட்டும் வந்தது. மாடியிலிருக்கும் அண்ணனைக் கேலி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஆறு கேம்கள். ஒவ்வொன்றும் இழுத்தது, முக்கால் மணி நேரம் ஆனது. நான் திரும்பியே பார்க்கவில்லை. ஏழுக்கு ஐந்து என்று தவுலு ஜெயித்துத் தரையில் விழுந்து புரண்டபோது, "ஜெயிச்சுட்டோம்பா!" என்று கத்திக்கொண்டு திரும்பினேன். அப்பா ஏதோ சொன்னார். அதில் வார்த்தை எதுவும் இல்லை. எச்சில் மட்டும் தாடைவழியே வழிந்து சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது.

என் அலறல் கேட்டு மாடியிலிருந்து ஓடிவந்த அண்ணன் அப்படியே ஆட்டோவுக்கு ஓடினான். வாசல் பக்கம் ஓடினான். பௌர்ணமி சாயங்காலம் அந்த ரோட்டில் ஆட்டோ இருக்காது, ஆட்கள் மட்டும்தான் இருப்பார்கள். பின்பக்கச் சந்து வழியாகப் போனால் வண்டி கிடைக்கும். எங்கள் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம், அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு எவ்வளவோ தூரம் போய், ஓர் ஆட்டோக்காரரிடம் அழுது, அவரைச் சுற்றுவழியில் அழைத்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் நாற்பது நிமிடம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்றுதான். "எனக்குத் தெரியல சார், பொண்ணுதான் கூட இருந்துச்சு" என்றாள் அம்மா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மேட்ச் முடிஞ்சப்ப" என்றேன்.

பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது பக்கம் முழுவதும் போனது, பேச்சும் போனது. பிறகு நான்கு வருடங்கள் இருந்தார். அவர் இறந்தபோது வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல், "பாவம், அன்னைக்குப் பௌர்ணமி கூட்டத்துல மாட்டிக்கிட்டாங்க. இல்லன்னா பொழச்சி எழுந்து நடந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பழியை அவர்கள் கூட்டத்தின் மேல் போட்டுவிட்டுப் போனார்கள். அண்ணன் அதைத் தன் மேல் எடுத்துப் போட்டுக்கொண்டான். டென்னிஸ் பார்ப்பதை நிறுத்தினான். சென்னையில் வேலை கிடைத்ததும் போனான். பௌர்ணமி வரும் வாரத்தில் ஊர்ப்பக்கம் தலைகாட்ட மாட்டான். எனக்கு இருபது வயதிருக்கும்போது ஒருமுறை அவன் பின்பக்கச் சந்தில் மெதுவாக நடந்து போவதைப் பார்த்து, என்ன தொலைந்தது என்று கேட்டேன். செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டே, "ஒம்பது நிமிஷம். மெதுவா நடந்தாலே ஒம்பது நிமிஷந்தான் பாப்பா" என்றான். நான் திரும்பி வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

இப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. புள்ளியியல் படித்தேன். யார் எந்தத் தரையில் எப்படி ஆடுவார், இன்றைய இளம் ஆட்டக்காரர்களில் யாருக்கு எத்தனை பட்டம் வாய்க்கும் என்று கணித்து எழுதுவதே என் வேலையின் பாதி. அவசரக்காரி என்றாலும் கணிப்பில் பெரும்பாலும் தவறமாட்டேன் என்று பெயர். சாமியாரும் தவுலும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். ரெண்டோ மூணோ என்று அப்பா தள்ளிவிட்ட ரப்பரு அவர்கள் இரண்டு பேரையும் தாண்டிப் போய்விட்டான். "தப்பா சொல்லிட்டியேப்பா" என்று கேலி செய்ய அப்பா இல்லை. அவர் பைலோடு நின்ற மைதானத்தின் மேல் இன்று ஒரு கட்டடம் நிற்கிறது.

இந்தப் போகிக்கு எரிப்பதற்காக அம்மா பரண்மேலிருந்து இறக்கிப் போட்ட குப்பையில் என் நாற்பது பக்க நோட்டு கிடந்தது. வாசலில் உட்கார்ந்தே கணக்குப் போட்டேன், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. அப்பா காலை மடித்திருந்த கேம்களில் தவுலு ஜெயித்ததும் தோற்றதும் ஏறக்குறையச் சமம். கடைசிப் பக்கத்தில் என் கோணல் கையெழுத்தில் இருந்தது: "அஞ்சாவது செட். 3–3. அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். நான் விடவில்லை." பக்கத்தில் மணியும் எழுதியிருந்தேன். ஐந்து முப்பத்தைந்து.

பதினொரு வயதுப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் என்னை மன்னித்துவிடலாம். மூன்றுக்கு மூன்றில் எழுந்திருக்க விடாதது அந்தப் பெண்தான். ஆனால் அந்தச் சந்தில் அவன் நேரம் பார்த்து நடந்தபோது வாயைத் திறக்காதது இருபது வயதுக்காரி. அவளுக்கு எல்லாம் தெரியும்.

நேற்று முன்தினம் இரவு அண்ணன் போன் செய்தான்.

"ஏய், ஞாயித்துக்கிழமை பைனல்ல ரெண்டும் சின்னப் பசங்களாமே? யாரு ஜெயிப்பான்?"

"நீ எங்கண்ணா டென்னிஸ் பாக்கற?"

"பதிமூணு வருஷம் ஆச்சு, போதும்னு தோணுது. அன்னைக்குக் காலைல பஸ் ஏறி வரேன், சேர்ந்து பாக்கலாம். உன் ஆளு யாருன்னு இப்பவே சொல்லிடு, நான் எதிர்க்கட்சி."

நான் ஒரு பெயரைச் சொன்னேன். உடனே அந்த ஆளின் இரண்டாவது சர்வீஸை அவன் கிழித்துத் தொங்கவிட்டான். பார்ப்பதை நிறுத்தியவனுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. உண்மையைச் சொன்னால் அது போய்விடும், ஒருவேளை அவனே என்னைவிட்டுப் போய்விடுவான். சொல்லாவிட்டால் அந்த நாற்பது நிமிடத்தை அவன் சாகும்வரை தூக்கிக்கொண்டு நடப்பான்.

இன்று அவன் பேருந்து பன்னிரண்டு மணிக்கு வந்துவிடும். வீட்டுக்குள் நுழைந்து, அம்மா தட்டில் சோறு போட்டு, டிவியும் ஓட ஆரம்பித்துவிட்டால் நான் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் பேருந்து நிலையத்துக்கே போய், அவன் இறங்கியதும் எதிரே இருக்கும் டீக்கடையில் உட்காரவைத்துச் சொல்லப் போகிறேன். முதல் வாக்கியத்தை மட்டும் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்: "அண்ணா, நீ ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முக்கால் மணி நேரம் போயிடுச்சு."